ஏழாம் இடம்

கலைமணி உட்கார்ந்த நாற்காலி எதுவும் குளிர்ந்திருந்ததில்லை. யாராவது ஒருத்தி எழுந்து போன சூடு அதில் மிச்சம் இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் போனவள் திரும்பி வந்துவிடுவாள். கலைமணி எழுந்துகொள்வாள்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், ஏரிக்கரையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு கம்பெனி இருந்தது. ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேண்டிய ஒயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்புகிற இடம். 1991-இல் அந்தப் பக்கம் கம்பெனி என்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றும்தான். மற்றதெல்லாம் நெல்லும் வேர்க்கடலையும். உள்ளே நீளமாக ஒரு மேசை, அதன் ஒரு பக்கத்தில் பதினோரு நாற்காலி, பதினோரு பெண்கள். ஆணி அடித்த பலகை ஒன்று முதல் ஆளிடமிருந்து கிளம்பும். ஒருத்தி சிவப்பு ஒயரை ஆணிகளில் வளைத்துவிட்டுத் தள்ளுவாள். அடுத்தவள் கறுப்பு, அதற்கடுத்தவள் மஞ்சள். கடைசியில் டேப் சுற்றி இறங்கும்போது ஒரு வண்டிக்கு வேண்டிய நரம்பெல்லாம் அதில் இருக்கும். நடுவில் ஒரு நாற்காலி காலியானாலும் பலகை நின்றுவிடும். பலகை நின்றால் சூப்பர்வைசர் ரகுபதி கண்ணாடி அறையை விட்டு எழுந்து வருவார்.

அப்படி நிற்காமல் இருக்கத்தான் பன்னிரண்டாவதாகக் கலைமணியை வைத்திருந்தார்கள். ரிலீவர் என்று பேர். யாருக்கு ஒன்றுக்கு வந்தாலும், யாருக்குத் தலை சுற்றினாலும், கையைத் தூக்கினால் போதும், அவள் அந்த இடத்தில் போய் உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் சுவரோரம் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும் என்று ரிலீவருக்கு ஒரு ஸ்டூல்கூடக் கொடுத்ததில்லை. சிமெண்டுத் தரையில் நின்று நின்று ராத்திரியில் அவள் கணுக்கால் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருக்கும்.

ஐந்து வருஷமாக இப்படி. அந்த ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு நாற்காலியையும் அதில் உட்காருகிறவளையும் அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. முதல் இடத்துப் பாப்பம்மாள், வயதில் மூத்தவள், நாற்காலி முதுகில் தேங்காயெண்ணெய்க் கறை ஏற்றியிருந்தாள். நாலாம் இடத்துக் காவேரி பழைய புடவைத் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள். ஏழாம் இடத்து அம்ருதவல்லி மேசை விளிம்பில், யாருக்கும் தெரியாத கீழ்ப்பக்கத்தில், சாக்பீஸால் சின்னதாக ஒரு சங்கும் சக்கரமும் வரைந்து வைத்திருந்தாள். அவள் அப்பா ஸ்ரீபெரும்புதூர் கோயில் மடப்பள்ளியில் இருக்கிறவர்.

ஒவ்வொரு நாளும் ஷிப்ட் தொடங்கும்போது எண்ணுவார்கள். பாப்பம்மாள் "ஒண்ணு" என்பாள். அது அடுத்தவளுக்குப் போய், அப்படியே "பதினொண்ணு" வரைக்கும் ஓடும். பதினொன்று வந்துவிட்டால் லைன் முழுசு என்று அர்த்தம், மெஷின் பட்டனை அழுத்தலாம். யாராவது வரவில்லை என்றால் அவள் எண்ணைக் கலைமணி சொல்லுவாள். எல்லாரும் வந்திருந்தால் அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணி முடிகிற வரைக்கும் சுவரோரம் காத்திருப்பாள், அவ்வளவுதான்.

வீட்டிலும் அவள் இருந்த இடம் இன்னொருத்தியுடையதுதான். வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் அவள் ஊர். ஆறாவது படிக்கும்போது நாற்று நடவுக்கு ஆள் குறைந்ததென்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அக்கா கைக்குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் போன பிறகு, அந்தக் குழந்தைக்கு வேறு யார் என்று கேட்டு, அக்கா புருஷனுக்கே அவளைக் கட்டி வைத்தார்கள். நல்ல மனிதர். அவளை ஒரு நாளும் கடிந்ததில்லை. அசதியில் சில சமயம் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், இவளும் "இன்னா" என்று கேட்பாள். அக்கா பையன் இவளைச் சித்தி என்றான். அவனைப் பார்த்து, இவள் வயிற்றில் பிறந்த பெண்ணும் சித்தி என்றே கூப்பிடப் பழகிக்கொண்டது. யாரும் திருத்தவில்லை. அவளும் திருத்தவில்லை.

அந்த வருஷம் ஏழாம் இடம் காலியாகப் போகிறது என்று ஆயுத பூஜைக்கு முன்பே தெரிந்துவிட்டது. அம்ருதவல்லிக்குத் தை மாதம் கல்யாணம். நின்றுவிடப் போகிறாள். நாற்காலி கிடைத்தால் வேலை நிரந்தரம், கம்பெனி கோட்டில் பேர் தைத்துக் கொடுப்பார்கள். அதைவிட, நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

பூஜைப் பொரி கொடுக்கும்போது ரகுபதி எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏழாம் எடத்துக்கு யாருன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க. அப்பால அவ ஆவாது இவ ஆவாதுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. ஒண்ணு கலைமணி, இல்லன்னா பேக்கிங்ல புதுசா வந்துகீதே, அந்தச் சந்திரா. ஒருத்தி நாற்காலில, ஒருத்தி ரிலீவர். ஞாயித்துக்கெழம டூர் போயிட்டு வாங்க. திங்கக்கெழம காலைல எனக்குப் பேர் வேணும்."

தனக்குத்தான் என்று கலைமணி நினைத்தாள். ஐந்து வருஷம் நின்றவள் எங்கே, ஐந்து வாரம் முன்பு வந்த பெண் எங்கே. ஆனால் அன்று சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது காவேரி அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"நீ பாட்டுக்கு ஏழாவதுல போயி உக்காந்துட்டா எங்களுக்கு யாருடி நிப்பா? அந்தப் பொண்ணுக்கு செவப்பு எது ஆரஞ்சு எதுன்னே தெரியல. நீ வந்து உக்காந்தாதான் எனக்கு நிம்மதியா ஒண்ணுக்கே வருது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலைமணியும் சிரித்தாள். பிரியமாகத்தான் சொன்னாள் காவேரி. அந்தப் பிரியத்தினாலேயே தனக்கு நாற்காலி கிடைக்காமல் போய்விடும் என்பது கலைமணிக்குப் புரிந்தது. தன் வாயால் கேட்டுவிடலாம். ஆனால் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுசும் இருக்கிறது, யாராவது ஒருத்தி தன் பேரை எடுக்க மாட்டாளா என்று இருந்தாள்.

*

வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிந்து கம்பெனி ஒரு வேன் பிடித்துக் கொடுக்கும். திருத்தணி, மகாபலிபுரம் எல்லாம் ஆகிவிட்டது. இந்தத் தடவை ஏலகிரி மலை. படப்பையிலிருந்து தாண்டவராயன் என்பவர் தன் மெட்டடார் வேனை ஓட்டிக்கொண்டு விடியற்காலையில் கம்பெனி வாசலுக்கு வந்தார். வேனில் டிரைவரைத் தவிர்த்துப் பதினோரு சீட்டு. யாரும் சொல்லாமலே பெண்கள் லைனில் உட்காருகிற வரிசைப்படியே ஏறி உட்கார்ந்தார்கள். பாப்பம்மாள் முன்னால், காவேரி நாலாவதாக, ஜன்னலோரம் அம்ருதவல்லி. கலைமணிக்கு வேனின் பின்கோடியில், ஸ்டெப்னி டயரின்மேல் சமுக்காளத்தை மடித்துப் போட்டார்கள். அவள் இந்தப் பயணத்துக்கென்றே செம்பு கலந்த மாந்தளிர் நிறத்தில் ஒரு புடவை எடுத்திருந்தாள். அது கசங்காமல் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"லைன் எண்ணு" என்றாள் பாப்பம்மாள், கம்பெனியில் சொல்கிற மாதிரியே. ஒன்று முதல் பதினொன்று வரை ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். வேன் கிளம்பியது.

வேலூருக்கு இந்தப் பக்கம் போலீஸ் நிறுத்தினார்கள். அந்த வருஷம் மே மாதம் ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து ஊர்ப் பேரைச் சொல்வதே ஒரு காரியமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் என்றால் கேட்கிறவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அதனால் வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போகும்போதெல்லாம் காஞ்சிபுரம் பக்கம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். போலீஸ்காரரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? பாப்பம்மாள் உள்ளபடி சொன்னாள். அவர் டார்ச்சை ஒவ்வொரு முகத்திலும் அடித்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

மலையடிவாரத்துச் செக்போஸ்டிலும் ஒரு போலீஸ்காரர் உள்ளே தலையை நீட்டி, விரலை நீட்டி எண்ணினார். "பன்னெண்டு பொம்பளைங்க, ஒரு டிரைவர்" என்று தமக்கே சொல்லிக்கொண்டு கட்டையைத் தூக்கினார்.

வளைவுகள் தொடங்கியதும் காவேரிக்குக் குமட்டல் எடுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு பழக்கத்தில் கையைத் தூக்கினாள். கலைமணியும் பழக்கத்தில் எழுந்து, ஆடுகிற வேனில் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து அவளிடம் போனாள்.

"இதுக்குமா ரிலீவரு?" என்றாள் பாப்பம்மாள். "அவளுக்குப் பதிலா நீயே வாந்தி எடுத்துட்டு வந்துடு கலைமணி."

வேன் குலுங்குகிற மாதிரி சிரிப்பு. கலைமணி எலுமிச்சம்பழத்தைக் கீறிக் காவேரி மூக்கில் வைத்தாள்.

மேலே போய் வேனை விட்டு இறங்கிச் சுற்றிப் பார்த்தார்கள். அது ஊர் என்றால் ஊர். ஒரு தெரு, நாலு கடை, பஸ் வந்து திரும்பிப் போகிற ஒரு மைதானம். அதைச் சுற்றிப் பலாமரங்களும் கேழ்வரகுக் கொல்லைகளும். சத்தம் என்று எதுவும் இல்லை. அந்த அமைதியில்தான் தங்கள் காதுக்குள் கம்பெனி மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. "உனக்கும் கொய்ங்குதா?" என்று ஒருத்தி கேட்க, "எனக்கும்" என்றாள் இன்னொருத்தி. கொய்யாப்பழம் வாங்கித் தின்றார்கள். செருப்பைக் கழற்றிப் புல்லில் நடந்தார்கள். முருகன் கோயிலுக்குப் போனார்கள். அம்ருதவல்லியைக் கல்யாணப் பெண் மாதிரி நடந்து காட்டச் சொல்லி ஓட்டினார்கள்.

மத்தியானம் பலாமரத்தடியில் சமுக்காளம் விரித்துச் சாப்பிட்டார்கள். அம்ருதவல்லி வீட்டிலிருந்து பெரிய பித்தளை அடுக்கு நிறையப் புளியோதரை வந்திருந்தது. எல்லாருக்கும் இலை போட்டு ஆனதும் பாப்பம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"திங்கக்கெழம அவரு கேப்பாரு. ஏழாம் எடம் இன்னா பண்றதுன்னு..."

தன்னை வைத்துக்கொண்டு தன்னைப் பற்றிப் பேசுகிறார்களே என்று கலைமணிக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது தன் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. "தண்ணி எடுத்துகினு வரேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். தெருக் குழாயில் மெதுவாகத்தான் தண்ணீர் வந்தது. குடம் நிரம்பி வழிந்த பிறகும் கொஞ்சம் நின்றாள். திரும்பி வந்தபோது பேச்சு கூறைப்புடவையின் கரைக்குப் போயிருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஏதோ முடிவாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. என்னவென்று கேட்கவும் கூச்சமாக இருந்தது.

*

வெயில் சாயச் சாயப் பனிமூட்டம் இறங்கியது. பலாமரத்தின் உச்சி முதலில் காணாமல் போயிற்று, அப்புறம் கடைகள். இருட்டுவதற்குள் வளைவுகளைத் தாண்ட வேண்டும் என்று தாண்டவராயன் ஹாரன் அடித்தார்.

"ஐயோ, அடுக்கை அலம்பலையே" என்றாள் அம்ருதவல்லி. "எங்காத்துல வைவா."

"நான் கழுவியாறேன்" என்று கலைமணி எடுத்துக்கொண்டாள். மைதானத்தின் ஓரத்தில் கிளியம்மாள் என்ற அம்மாளின் டீக்கடை இருந்தது. கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாப்பம்மாளின் குரல் கேட்டது.

"லைன் எண்ணு."

ஒண்ணு, ரெண்டு என்று ஒவ்வொரு குரலாக வந்தது. எல்லாக் குரலும் அவளுக்குத் தெரியும். ஏழு என்று அம்ருதவல்லி ராகமாகச் சொன்னாள். கலைமணி தேய்த்துக்கொண்டே கேட்டாள். பதினொண்ணு என்று வந்ததும், தினமும் காலையில் அவளுக்குள் ஒரு திருப்தி வருமே, அது வந்தது. லைன் முழுசு. ஒருத்தியும் விட்டுப்போகவில்லை.

பிறகு வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அடுக்கைப் போட்டுவிட்டு அவள் முன்பக்கம் ஓடி வருவதற்குள் வேனின் பின்விளக்குச் சிவப்பு மூட்டத்தில் கரைந்துவிட்டது. "பாப்பக்கா" என்று கூப்பிட்டாள். அவளுடைய குரல் எப்போதுமே மேசையின் கோடி வரைக்கும்கூடப் போனதில்லை. மலையில் எங்கே போகும்? யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அவர்கள் எண்ணியதை அவளும்தானே கேட்டாள், சரி என்றுதானே அவளும் நினைத்தாள்.

கிளியம்மாள் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நரைத்த தலை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

"உட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"வந்துருவாங்கம்மா."

"வருவாங்க, வருவாங்க. கீழ போயி வண்டியைத் திருப்ப எடம் கெடச்சாதான் வரணும். இப்டி வந்து உக்காரு." அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். "எந்த ஊரு?"

"காஞ்சிபுரம் பக்கம்" என்றாள் கலைமணி.

முக்காலி குளிர்ந்திருந்தது. அதை அவள் கவனித்தாள். காலை நீட்டிக்கொண்டதும் கணுக்காலில் விண்விண் என்று தெறித்தது. கிளியம்மாள் ஒரு கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தாள். குடிக்கும்போதெல்லாம் கலைமணி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வளைவில் கவனித்துவிடுவார்கள் என்று முதலில் நினைத்தாள். பிறகு யோசித்தால், எப்படிக் கவனிப்பார்கள்? காலி சீட்டு என்று ஒன்று இருந்தால்தானே கண்ணில் படும்? டயரின்மேல் ஒரு சமுக்காளம்தான் இருக்கும்.

திருப்பத்தூர் போகிற கடைசி பஸ் வந்து மைதானத்தில் நின்றது. "அதுல ஏறிக்கினா கீழ எறங்கிடலாம். நான் கண்டக்டர்கிட்ட சொல்றேன், தெரிஞ்ச ஆளுதான்" என்றாள் கிளியம்மாள். சொல்லிவிட்டு, மேய்ச்சலுக்கு விட்ட மாட்டை மூட்டத்தில் தேடிப் பிடித்து வருவதாக, கையில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பஸ் டிரைவரும் கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நாலு டீ."

கலைமணி எழுந்துவிட்டாள். எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கை வடிகட்டியை எடுத்துவிட்டது, இன்னொரு கை பால் சட்டியின் மூடியைத் தேடியது. அடுப்புக்கு முன்னால் அந்த அம்மாள் நின்ற இடம் காலியாக இருந்தது. காலியான இடத்தைப் பார்த்தால் அவள் கால் அங்கே போகும்.

வடிகட்டியோடு அப்படியே நின்றாள். அம்ருதவல்லியின் அடுக்கு அவள் ஞாபகத்துக்கு வந்தது. யாரும் அவளைக் கழுவச் சொல்லவில்லை. அம்ருதவல்லி யாரையும் குறிப்பிடாமல் பொதுவாகத்தான் சொன்னாள், இவள்தான் போய் வாங்கிக்கொண்டாள். மத்தியானம் குடத்தைத் தூக்கியதும் அப்படித்தான். தண்ணீர் யாரும் கேட்கவில்லை.

வடிகட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"கடைக்காரம்மா மாடு புடிக்கப் போயிருக்காங்க. வந்துருவாங்க. உக்காருங்க" என்றாள். சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர்கள் திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. டிரைவர் பீடி பற்றவைத்தார். கண்டக்டர் அடுப்பில் கையைக் காட்டிக் குளிர்காய்ந்தார். பால் மெல்லக் கொதித்தது. அந்த இடம் கொஞ்ச நேரம் யாரும் இல்லாமலே இருந்தது, ஒன்றும் ஆகிவிடவில்லை. பிறகு கிளியம்மாள் மாட்டை இழுத்துக்கொண்டு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாலு டீ ஆற்றினாள்.

"ஏறலியாம்மா? கெளம்பப் போறோம்" என்று கண்டக்டர் கேட்டார்.

ஏறிவிட்டால் நல்லதுதான். இருட்டப் போகிறது. வீட்டில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். கீழே போய்விட்டால் வேனில் போனவர்கள் மறுபடி மலை ஏறுகிற சிரமமும் இருக்காது. இதையெல்லாம் யோசிக்கும்போதே, இப்போதும் அவர்களுடைய சிரமத்தைத்தான் யோசிக்கிறோம் என்று தெரிந்தது.

"இல்லீங்க. என்னைக் கூட்டிகினு வந்தவங்க வரணும்" என்றாள்.

பஸ் போய்விட்டது. மலையில் மறுபடியும் சத்தமில்லை. காதுக்குள் மெஷின் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அடியம்மா, நெஜமா எந்த ஊரு நீ?" என்று கிளியம்மாள் கேட்டாள். "காஞ்சிபுரம்னு சொல்லும்போது உன் கண்ணு கீழ பாத்துச்சு."

"ஸ்ரீபெரும்புதூரு" என்றாள் கலைமணி.

கிளியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதுக்கு நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டு விளக்கின் திரியைத் தூண்டினாள்.

*

வேன் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நிற்பதற்கு முன்பே காவேரி குதித்து இறங்கி ஓடி வந்து கலைமணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கீழே நடந்தது அத்தனையும் அழுகைக்கு நடுவில் அவள் வாயிலிருந்தே வந்தது.

செக்போஸ்ட்காரர்தான் கண்டுபிடித்தாராம். காலையில் எண்ணிய அதே ஆள். "பதினொண்ணுதான் கீது. ஒரு பொம்பளை எங்க?" என்றாராம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லையாம். "எண்ணிட்டோமே சார், முழுசா இருக்குதே" என்று பாப்பம்மாள் மறுபடி ஒரு தடவை எண்ணிக் காட்டினாளாம். அப்போதுதான் அம்ருதவல்லி "கலைமணி அக்கா" என்று கத்தினாளாம். ஸ்ரீபெரும்புதூர் வண்டியில் ஒரு பெண் குறைகிறாள் என்றதும் போலீஸ்காரரின் முகமே மாறிவிட்டதாம். எல்லாரையும் கீழே இறக்கி வரிசையாக நிற்க வைத்து, ஆள் எப்படி இருப்பாள், என்ன புடவை என்று கேட்டாராம்.

"நான் பச்சைன்னேன். இவ நீலம்ன்றா. பாப்பக்கா கம்பெனி கோட்டுன்னுது. அந்தாளு எங்கள ஒரு மாதிரி பாத்தாருடி." காவேரி மூக்கைச் சிந்தினாள். "கூடவே வேலை செய்றோம். ஒருத்திக்கும் தெரியல."

கிளியம்மாளின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் இப்போது அந்தப் புடவையைப் பார்த்தார்கள். மாந்தளிர் நிறம். கீழ்க்கரையில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"என்மேலதான் தப்பு" என்றாள் பாப்பம்மாள். "நீ முன்னால வந்து என் சீட்டுல உக்காரு. நான் டயர்மேல உக்காந்துக்கறேன்."

கலைமணி ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பாப்பம்மாள் இறங்கிப் போன சூடு அதில் இருந்தது. தாண்டவராயன் சாவியைத் திருப்பப் போனார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க" என்றாள் கலைமணி.

அவள் பின்னால் திரும்பவில்லை. திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். முன்கண்ணாடியில் படிந்திருந்த மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஏழாம் எடம் எனக்கு வேணும்."

பாப்பம்மாளின் குரல் பின்கோடியிலிருந்து வந்தது.

"மத்தியானம் சந்திரான்னு பேசி வெச்சுட்டோம்டி. நீ இல்லாம லைன் ஓடாதுன்னுதான். நீ ஒரு நாளும் வேணும்னு கேட்டதில்லையே."

"இப்ப கேக்கறேன்."

காவேரிக்கு அழுகை இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் அவள் காவேரிதான். "சரி, எனக்கு அவசரம்னா?" என்றாள்.

"சந்திரா வருவா."

"அவ ஒயர மாத்திக் குத்துவா."

"குத்தட்டும். நானும் மாத்திக் குத்திகினுதான் இருந்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரல, நின்னு நின்னு பாத்துதான் கத்துகினேன். அந்தப் பொண்ணுக்கு அவங்கவங்க எடத்த அவங்கவங்க சொல்லிக் குடுங்க." அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கடைசி வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. "அதுக்கு ஒரு ஸ்டூலும் கேட்டு வாங்கிக் குடுங்க. கால் வலிக்கும்."

அம்ருதவல்லிதான் முதலில் பேசினாள். "அக்காவுக்குத்தான் குடுக்கணும். என் எடம், நான் சொல்றேன்."

"நீதான் போறியே, உனக்கென்ன எடம்" என்றாள் காவேரி. பிறகு, "ம், சரி. சொல்லித் தொலைக்கறேன் அந்தப் பொண்ணுக்கு" என்றாள்.

தாண்டவராயன் வண்டியைக் கிளப்பினார். இந்தத் தடவை அவரே திரும்பி, போலீஸ்காரர் மாதிரி விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டார். கிளியம்மாள் பித்தளை அடுக்கை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள். அம்ருதவல்லி அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை காலையில் பாப்பம்மாள் கண்ணாடி அறைக்குப் போய்ப் பேரைச் சொன்னாள். ரகுபதி தலையை ஆட்டிவிட்டு, ரிலீவருக்கு ஸ்டூலெல்லாம் வழக்கமில்லை என்றார். சந்திராவுக்கு ஸ்டூல் வருவதற்கு இன்னொரு ஆயுத பூஜை ஆயிற்று. அதற்குக் காவேரி இரண்டு தடவை சண்டை போட வேண்டியிருந்தது.

தை மாதம் அம்ருதவல்லி கல்யாணமாகிப் போனாள். மறுநாள் காலையில் கலைமணி ஏழாம் இடத்துக்கு வந்தபோது நாற்காலி குளிர்ந்திருந்தது. உட்கார்ந்து, கையை மேசைக்கு அடியில் விட்டு, சாக்பீஸ் சங்கையும் சக்கரத்தையும் தடவிப் பார்த்தாள். அழிக்க மனம் வரவில்லை. எண்ணிக்கை ஆறு வரைக்கும் வந்து நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஏழு" என்றாள்.

பாதி ஷிப்ட் போனது. பலகைகள் வந்தன, அவள் பழுப்பு ஒயரை வளைத்துத் தள்ளினாள். பிறகு, தேவை என்று ஒன்றும் இல்லாமலே, கையைத் தூக்கினாள். சுவரோரத்திலிருந்து சந்திரா வேகமாக வந்தாள். கலைமணி எழுந்து, கதவைத் தாண்டி, குழாயடிக்குப் போய் நின்றாள். அங்கே அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஏரித் தண்ணீரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே லைன் ஓடுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. கைகளைக் கழுவினாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கைகளை இன்னொரு தடவை மெதுவாகக் கழுவினாள்.

திரும்பி வந்து சந்திரா எழுந்ததும் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. பலகையில் அந்தப் பெண் பழுப்புக்குப் பதிலாகச் சிவப்பை வளைத்து வைத்திருந்தாள். கலைமணி அதை உருவி எடுத்தாள்.

"இங்க வா" என்று அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இந்த ஆணிலேருந்து பாரு" என்று தொடங்கினாள்.